சந்தவாசல் குமரேசனுக்கு ஒதுக்கிய இடம்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடும் இடத்துக்கு மேலே, கரண்ட் மீட்டர் இருக்கிறது. அதில் கடுகளவு ஒரு சிவப்பு விளக்கு. விட்டு விட்டு மினுக்கும். வீட்டில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றும்போது சோம்பலாக மினுக்கும். என் வேலை அறையில் கம்ப்யூட்டரும் ஏசியும் ஓடும்போது மூச்சு இரைப்பது போல மினுக்கும். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில் அந்த விளக்கின் முன் குனிந்து நின்ற மனிதர், எண்ணை வாய்விட்டுப் படித்து, கையிலிருந்த அட்டையில் எழுதிவிட்டு, நிமிர்ந்து என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். என் தொப்பையில் அவர் பார்வை கொஞ்ச நேரம் தங்கியது. "மீட்டர் ஜல்தியா ஓடுதுங்க சார்," என்றார். "நீங்க ஓடுவீங்களா?"

அவர் எங்கள் தெருவுக்கு ரீடிங் எடுக்க வருகிறவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஊரே அவரை ரீடிங்காரர் என்றுதான் சொல்லும். ஒட்டிய கன்னம், நீண்ட கை கால், தோளில் ஒரு ரெக்ஸின் பை, காதில் பேனா. நான் அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தேன். பட்டுச் சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். மாங்காயும் மயிலும் கோபுரமுமாக ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நாற்காலியிலேயே கிடப்பேன். மிச்ச நேரத்தில் கவிதை என்று சொல்லிக்கொண்டு எதையாவது எழுதுவேன். அதுவும் நாற்காலியில்தான். ஓடுவீங்களா என்று என்னை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. "ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிங்க. சேவூர் ரோட்டுல ரைஸ் மில்லு பின்னாடி. ஃபுட்பால். வந்து சும்மா நில்லுங்க, பந்து தானா வரும்," என்றார். வாசலில் இறங்கும்போது, எல்லோரும் சொல்வதுபோல, "வரேங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மீட்டருக்குப் போனார்.

அந்த அணியை அவர் அப்படித்தான் சேர்த்தார். வீடு வீடாக, மீட்டர் மீட்டராக. மருந்துக்கடைக்காரரை அவர் கடையின் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த மீட்டர் அருகே கேட்டார். தனியார் பஸ் கண்டக்டரை வாடகை வீட்டின் பொது மீட்டர் முன்னால். ஜரிகை வியாபாரியை, கறிக்கோழிக் கடைக்காரரை, பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரின் கணவரை, இப்படி நாங்கள் பதின்மூன்று பேர், அவரோடு சேர்த்துப் பதினான்கு. பக்கத்துக்கு ஏழு. சரியான எண். யாருக்கும் ஆட்டம் தெரியாது. எல்லோருக்கும் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ கடுப்போ ஏதோ ஒன்று இருந்தது. மூடிக்கிடந்த ரைஸ் மில்லின் பின்னால், முன்பு நெல் காயப்போட்ட களத்தை ஒட்டிய பொட்டலில், இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி கோல் வைத்தோம். முதல் ஞாயிறு இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். நான் அதில் ஒருவன். வாந்தி எடுத்து நிமிர்ந்தபோது, பல வருடங்களாக எனக்குள் ஒட்டிக்கிடந்த ஏதோ ஒன்று வெளியே போயிருந்ததுபோல இருந்தது. வெயில் அன்றைக்குத்தான் முளைத்ததுபோல இருந்தது. அதை எனக்குக் கொடுத்தவர் அவர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுத எனக்கு யோக்கியதை இருக்காது.

அவருடைய பூட்ஸுக்கு லேஸ் கிடையாது. லேஸ் அறுந்தபின் புதிதாக வாங்கவில்லை. அவர் மனைவி வீட்டில் பட்டு நெய்கிறவர். தறியில் மிஞ்சிய நூலை முறுக்கிக் கொடுத்திருந்தார். இடது கால் வாடாமல்லி நிறம், வலது கால் கிளிப்பச்சை. களத்தில் எந்த மூலையில் இருந்து பார்த்தாலும் அந்தக் கால்கள் தெரியும். அந்தக் கால்களுக்கு ஆட்டம் வராது. ஆனால் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. பந்து கிடைத்தால் கோல் பக்கம் பார்க்கமாட்டார். தலையைத் தூக்கி, இன்றைக்கு இதுவரை பந்தைத் தொடாதவர் யார் என்று தேடுவார். கண்டுபிடித்து அவருக்குத்தான் தட்டிவிடுவார். அந்த ஆள் எதிராளிகள் நடுவில் நின்றாலும் சரி, குனிந்து கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. "பந்து எல்லார் வூட்டுக்கும் ஒரு தபா போயி வரணும்ங்க," என்பார். தெருவில் ஒரு வீட்டை விட்டுவிட்டுப் போக முடியாத உத்தியோகம். அது காலிலும் இறங்கிவிட்டது. கோழிக்கடைக்காரர் முதல் கோல் போட்டது அப்படித் தட்டிவிட்ட பந்தில்தான். அன்று அவர் வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி.

சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் போன் செய்வார். பதின்மூன்று போன். "சார், நாளைக்கு?" என்பார். வருகிறேன் என்றால், "எழுதிக்கிறேங்க," என்பார். வரவில்லை என்றால் காரணம் கேட்பார், அதையும் எழுதிக்கொள்வார் போல. அடுத்த முறை ரீடிங்குக்கு வரும்போது, "மாமியாருக்கு கண்ணு ஆபரேஷன்னீங்களே, கட்டு பிரிச்சாச்சா?" என்று கேட்பார். முதல் வருடம் இது எங்களுக்கு இனித்தது. இரண்டாம் வருடம் பழகியது. அதற்குள் எங்களுக்குக் கொஞ்சம் ஆட்டம் வந்துவிட்டது. அதுதான் கெடுதல். தொப்பை குறைந்தது, செங்கல்லுக்குப் பதில் இரும்புக் குழாயில் கோல் வந்தது, ஜெயிக்க வேண்டும் என்ற புழு உள்ளே நுழைந்தது. அவர் எந்தப் பக்கம் ஆடுகிறாரோ அந்தப் பக்கம் தோற்றது. மருந்துக்கடைக்காரருக்குத்தான் வாய் முதலில் திறந்தது. "கோல் போஸ்ட் எதிர்ல தனியா நின்னுகினு கீறேன். எனக்குக் குடுக்காம கோழிக்கடைக்குக் குடுக்கறாரு. இன்னாப்பா இது, அன்னதானமா பண்றோம், வரிசையா எல தவறாம பரிமாறதுக்கு?" என்றார். நாங்கள் சிரித்தோம். கோழிக்கடைக்காரரும் சிரித்தார். அவர் இனி ஆட்டத்தில் வேண்டாம் என்று அன்றே முடிவாகிவிட்டது. யாரும் முடிவு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சொன்னால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வந்து நிற்கும் ஆள் அவர். அந்த முகத்தை எங்கே வைத்துக்கொண்டு பார்ப்பது? மனிதனால் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு கருவி வேண்டியிருந்தது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று எழுதுகிறேன். நானேதான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஆட்டத்துக்கு வருகிறவர்களின் பட்டியல் போடுவதற்கென்றே இணையத்தில் ஒரு கருவி இருக்கிறது, இலவசம். எத்தனை பேர் ஆட்டம் என்று சொல்லிவிட்டால் போதும். எங்கள் வாட்ஸ்அப் குழுவோடு இணைத்துவிடலாம். வருகிறவர் 'வரேன்' என்று எழுதினால் பட்டியலில் பெயர் ஏறி, பக்கத்தில் பச்சைப் புள்ளி விழும். 'வரல' என்றால் பெயர் இறங்கும். ஏறிய பெயர், 'வரல' என்று எழுதும்வரை வாராவாரம் அப்படியே நிற்கும். பதினான்கு நிறைந்துவிட்டால் அடுத்தவர் காத்திருப்பில். யாராவது இறங்கினால் காத்திருப்பவர் தானாக மேலே ஏறுவார். அந்த இரண்டு சொற்களையும் நான்தான் தமிழில் மாற்றி அமைத்தேன். வரேன், வரல. சின்னச் சொற்கள். அழகாக இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியது.

பதின்மூன்று பெயர்களையும் நானே முதலில் ஏற்றினேன். ஒரு இடம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டும். யோசித்தேன். தூரத்து ஊராக இருக்க வேண்டும், பஸ் தாமதம் என்று சொல்ல வசதியாக. சந்தவாசல் குமரேசன் என்று தட்டினேன். படத்துக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூ. இந்தக் குறிப்பில் பெயரோடு வருகிற ஒரே ஆள் அவன்தான், அவன்தான் இல்லாத ஆள். அதன்பிறகு இணைப்பைக் குழுவில் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் ரீடிங்காரர் 'வரேன்' என்று எழுதினார். கருவி மரியாதையாகப் பதில் சொன்னது: 'பதினான்கு பேர் நிறைந்துவிட்டார்கள். நீங்கள் காத்திருப்பில் 1.'

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மீட்டரில் ஓடிய எண்ணை மாற்ற முடியாது என்று நம்பி வாழ்கிறவர். யார் யாரோ கெஞ்சியிருப்பார்கள், மிரட்டியிருப்பார்கள், "ஓடுனது ஓடுனதுதாங்க, நான் படிக்கத்தான் செய்வேன், மாத்தி எழுத முடியாது," என்று அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். திரையில் தெரிந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டார். "ஃபர்ஸ்ட்டு வெயிட்டிங்ல கீறேன் சார். யாராச்சும் வரலன்னா நான்தான்," என்றார், சந்தோஷமாக. கருவி நேர்மையானது. அதுதான் பேஜார். எங்களில் ஒருவர் 'வரல' என்று எழுதினால் அது அவரை மேலே தூக்கிவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். வர முடியாதவர் யாரும் 'வரல' என்று எழுதக்கூடாது. எனக்கு மட்டும் போனில் சொல்ல வேண்டும். ஐந்து வயசுப் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு ஒற்றுமை வராது.

அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். பூட்ஸை வீட்டிலேயே கட்டிக்கொண்டு, அதோடே வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். கோட்டுக்கு வெளியே நிற்பார். நாங்கள் ஆறுக்கு ஏழாக ஆடுவோம். "ஒரு ஆள் கொறையுதே, நான் எறங்கட்டுங்களா?" என்று முதல் வாரம் கேட்டார். "குமரேசன் பஸ்ல வந்துகினு கீறாரு. பேர் போட்ட ஆளுக்கு எடம் வெக்கணும்ல," என்றார் மருந்துக்கடைக்காரர். அந்த நியாயம் அவருக்குப் பிடித்தது. தலையாட்டினார். பந்து வெளியே போனால் ஓடிப்போய் எடுத்து வந்தார். எடுத்து வந்து, அன்றைக்குப் பந்தைத் தொடாதவர் யார் என்று தேடி அவருக்குத்தான் எறிந்தார். வாராவாரம் குமரேசன் வளர்ந்தான். அவருக்கு முன்னாலேயே பேசுவோம். போன வாரம் நீங்கள் சீக்கிரம் போய்விட்டீர்கள், குமரேசன் கடைசிப் பத்து நிமிடம் வந்து இரண்டு கோல் போட்டான் என்போம். "லெஃப்ட்டுல ஓடுனா காத்துப்பா," என்பார் கண்டக்டர். ஜரிகை வியாபாரி அவனுக்குக் கல்யாணமே பார்த்துவிட்டார். ரீடிங்காரர் வாயைத் திறந்தபடி கேட்பார். "ஒரு நாளாச்சும் அவர் ஆட்டத்தைப் பாக்கணும் சார்," என்று என்னிடம் சொன்னார். அன்று டீக்கடையில் கண்டக்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தலையில் தட்டிவிட்டவர் அவர்தான், ரீடிங்காரர்.

கருவியில் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதும் வசதி இருந்தது. அதை நான் மறந்திருந்தேன். ஒருநாள் குமரேசனுக்குக் கடிதம் வந்தது. 'அன்புள்ள குமரேசன் சார், வணக்கம். நான் காத்திருப்பில் முதலாவதாக உள்ளவன். தங்களால் வர முடியாத வாரம் வரல என்று எழுதினால் எனக்கு இடம் கிடைக்கும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.' அதை அவர் இல்லாதபோது டீக்கடையில் உரக்கப் படித்தேன். குரலை அவர் மாதிரியே மாற்றிப் படித்தேன். எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள், நான் தட்டினேன்: 'பார்க்கலாம் சார்.' பிறகு நானே தனியாகவும் எழுத ஆரம்பித்தேன். குமரேசனுக்குச் சந்தவாசலில் ஒரு வாழைத் தோட்டம் கொடுத்தேன். ஒரு தங்கை கொடுத்தேன். தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருவதால் தாமதம் என்று எழுதினேன். அவர் நம்பி, வாழைக்கு வந்த நோய்க்கு மருந்து விசாரித்து எழுதினார். இருபது வருடம் கவிதை எழுதி ஒரு வாசகனைச் சம்பாதிக்காத எனக்கு, ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர் கிடைத்திருந்தார். அந்த ருசியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. 'குமரேசன் சார், இதை க்ரூப்பில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு இடது முட்டி தேய்ந்துவிட்டது. வேலூரில் டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். வருகிற செவ்வாய். அதற்குப்பிறகு நடக்கலாம், ஓடக்கூடாது என்கிறார். வரும் ஞாயிறு ஒரே ஒரு நாள் தங்கள் இடத்தை எனக்குத் தர முடியுமா? பாதி ஆட்டம் தந்தாலும் போதும்.' வேலை அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பாதி முடிந்த மயில் ஒன்று கழுத்தில்லாமல் நின்றது. ஒரே ஒரு சொல் தட்டினால் போதும், வரல. கருவியே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எங்களில் யாரும் ஒரு ஞாயிறு தோற்றால் செத்துப்போக மாட்டோம். ஆனால் குமரேசன் ஒருமுறை இறங்கினால் அந்த இடத்தில் அவர் பெயர் நின்றுவிடும், குமரேசனை மறுபடி ஏற்ற முடியாது. நான் படைத்த ஒரே உயிர் அவன். விட மனம் வரவில்லை. வேறு காரணம் ஏதாவது இருந்ததா என்று பல வருடமாகத் தேடிப் பார்க்கிறேன். இல்லை. 'மன்னிக்கவும் சார். இந்த வாரம் நான் கட்டாயம் ஆட வேண்டும்,' என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'பரவாயில்லை சார். நல்லா ஆடுங்கள். இடது பக்கம் மூலையில் ஒரு பள்ளம் இருக்கிறது, புல் மூடியிருக்கும், தெரியாது. பார்த்து ஓடுங்கள். காலையில் எந்த பஸ்ஸுக்கு நிற்பீர்கள்?' எதற்குக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. 'ஐந்து மணி பஸ்,' என்று எழுதிவிட்டு மயிலுக்குக் கழுத்துப் போட ஆரம்பித்தேன்.

அந்த ஞாயிறு அவர் களத்தில் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆபரேஷன் கவலையில் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். ஆறுக்கு ஏழாக ஆடினோம். பாதி ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அவர் வண்டி வந்தது. புழுதியில் குளித்ததுபோல இருந்தார். பூட்ஸ் போட்டிருந்தார், வாடாமல்லியும் கிளிப்பச்சையும். இறங்கும்போது இடது காலை ஊன்ற முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டார். பின் சீட்டில் துணி விரித்து வைத்திருந்தார்.

"சந்தவாசல் போயிருந்தேன் சார்," என்றார், பொதுவாக எல்லோரையும் பார்த்து. "குமரேசன் சாரை வண்டில இட்டுகினு வரலாம்னு. எப்ப பாத்தாலும் பஸ்ஸு லேட்டாயிடுதுன்றீங்களே. ஆறுக்கு ஏழுன்னா ஆட்டம் நொண்டுதுல்ல. நாலேகாலுக்கே போயி பஸ் ஸ்டாப்புல நின்னேன். அஞ்சு மணி பஸ்ஸு போச்சு, அஞ்சரை பஸ்ஸும் போச்சு. அப்புறம் வூடு வூடா கேட்டேன். எனக்கு அதுதான வேல." கொஞ்சம் சிரித்தார். "மூணு குமரேசன் கீறாங்க. ஒருத்தரு படுத்த படுக்க. ஒருத்தன் ரெண்டாங்கிளாஸு. இன்னொருத்தரு கறிக்கட. பந்தான்னு கேட்டுட்டு என்னையே ஒரு மாதிரி பாக்கறாரு. வாழத்தோட்டம் வெச்சிக்கினு ஒருத்தருமே இல்லீங்க. அந்தப் பக்கம் ரீடிங் எடுக்கறவருக்கும் போன் போட்டுக் கேட்டேன். அப்பிடி ஒரு ஆளே இல்லியேன்றாரு."

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அது அடங்கியிருந்தால் போயிருக்கும். அடங்கவில்லை. தண்ணீர் பாட்டில் வாயிலிருந்து சிதற இன்னொருவர், பிறகு எல்லோரும். ரீடிங்காரரும், என்ன விஷயம் என்று தெரியாமலே, கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் என் காதில் இன்னும் இருக்கிறது, அந்த ஒரு சிரிப்பு மட்டும். மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலாவது குமரேசன் ஒருத்தரு கீறாருங்க. அவர உட்டுட்டீங்களே," என்றார். "யாருங்க?" என்றார் ரீடிங்காரர், ஆவலாக. மருந்துக்கடைக்காரர் தன் மோவாயால் என்னைக் காட்டினார். "அதோ, வாழைக்குத் தண்ணி பாச்சிட்டு இப்பதான் வந்தாரு."

அவர் என்னைப் பார்த்தார். மீட்டரைப் பார்ப்பது போலவே பார்த்தார். கோபம் இல்லை. ஒரு எண்ணைப் படிக்கிறவரின் பார்வை. இடமிருந்து வலமாக நிதானமாக என் முகத்தைப் படித்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். இறங்குங்கள், இன்னும் பாதி ஆட்டம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். முட்டியைப் பற்றி அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். என் வாய்க்குள் பழைய சிரிப்பின் மிச்சம் இன்னும் கிடந்தது. அவர் குனிந்து பூட்ஸை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நேரமானது. நாங்கள் பதின்மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெறுங்காலோடு எழுந்து, இரண்டு பூட்ஸையும் வண்டிக் கைப்பிடியில் மாட்டி, பின் சீட்டுத் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நாங்கள் பாதி ஆட்டத்தை ஆடி முடித்தோம். ஆமாம், ஆடினோம். என் பக்கம் ஜெயித்தது.

வீட்டுக்கு வந்து குளித்தேன். அதன்பிறகுதான் வெட்கம் வந்தது. என் வெட்கம் எப்போதும் ஆட்டம் முடிந்து, குளித்து, நாஷ்டா சாப்பிட்டபின் வருவது. பட்டியலைத் திறந்து குமரேசன் பெயரை நீக்கினேன். அடுத்து நடக்கப்போவதை நான் யோசிக்கவில்லை. கருவி தன் வேலையைச் செய்தது. இடம் காலியானதும் காத்திருப்பில் முதலாவதாக இருந்தவரை மேலே தூக்கி, குழுவில் எல்லோரும் பார்க்க அறிவித்தது: 'வாழ்த்துகள். உங்களுக்கு அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. வரேன் அல்லது வரல என்று எழுதவும்.' அடுத்த ஞாயிறு அவர் வேலூரில், கட்டுப் போட்ட காலோடு படுத்திருப்பார். சாயங்காலம் அவர் ஒரே ஒரு சொல் எழுதினார். 'வரேன்.' எழுதிய உடனே குழுவிலிருந்து விலகிவிட்டார்.

நம் ஊரில் போகிற எவரும் போகிறேன் என்று சொல்வதில்லை. எழவு வீட்டைத் தவிர எங்கே இருந்து கிளம்பினாலும் வரேன் என்றுதான் சொல்லிக் கிளம்புவோம். எங்கள் பதின்மூன்று பேருக்கும் அந்தச் சொல் புரிந்தது. கருவிக்குப் புரியவில்லை. அது அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வைத்தது. 'வரல' என்று எழுத அவர் குழுவில் இல்லை. அதனால் புள்ளி அப்படியே நின்றுவிட்டது. இன்றுவரை சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியல் வருகிறது. பதினான்காவது பெயர் அவருடையது. பட்டியலின்படி வருகிறார். முதல் மாதம் அதை நீக்கப் போனேன். மருந்துக்கடைக்காரர்தான் தடுத்தார். "விடுங்க சார். எடுத்தா எவனாச்சும் புதுசா கேட்டுகினு வருவான். குமரேசனுக்கு பதிலா அவரு இருந்துட்டுப் போறாரு." ஆறுக்கு ஏழாகவே ஆடுகிறோம். ஆட்டம் நொண்டுகிறது, அவர் சொன்னதுபோல. பந்து நன்றாக ஆடுகிறவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. கோழிக்கடைக்காரர் சில ஞாயிறுகளில் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போகிறார். அதைக் கவனிக்க இப்போது யாரும் இல்லை. நான் கவனிக்கிறேன். தட்டிவிடுவதில்லை.

அவர் ரீடிங் எடுக்க வருவதை நிறுத்தவில்லை. வேலையை மாற்றிக்கொள்வார், வேறு தெருவுக்குப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அந்தச் சலுகையை அவர் எனக்குத் தரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் நான் உள் அறைக்குப் போய்விடுவேன். என் மனைவிதான் கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். "நடக்கறதுக்குப் போதும்மா," என்பார். எண்ணைப் படிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அந்த எண் ஒவ்வொன்றும் என்னைப் பற்றியது என்று தோன்றும். கூடுகிற எண். ஒருமுறைகூடக் குறையாத எண்.

போன வாரம் மனைவி ஊரில் இல்லை. நானே கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. இடது காலைப் பக்கவாட்டில் வீசி வைத்து ஏறி வந்தார். பையின் வார் அறுந்து, அதை வாடாமல்லி நூலால் முடிந்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உள்ளே கம்ப்யூட்டரும் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்பு விளக்கு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. எண்ணைப் படித்தார், எழுதினார், அட்டையை நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். நிமிர்ந்து என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். தொப்பை மறுபடி வந்திருந்தது. அதில் அவர் பார்வை தங்கவில்லை. வாசற்படி இறங்கி, "வரேங்க," என்றார்.

பழக்கத்தில் என் வாய் தானாகச் சொன்னது. "வாங்க."

வண்டிச் சாவியைத் திருகப்போனவர் நிறுத்தினார். திரும்பினார். "எத்தினி மணிக்குங்க?" என்றார்.

முகத்தில் சிரிப்பு இல்லை. எண் ஓடி நிற்பதற்குக் காத்திருப்பவர்போலக் காத்திருந்தார். ஆறு மணி என்பது ஒரு சின்னச் சொல். சேவூர் ரோட்டில், ரைஸ் மில்லுக்குப் பின்னால் என்று அவர் எனக்கு ஒருமுறை சொன்ன சொல். அது எனக்கு வரவில்லை. போதுமான அளவு காத்திருந்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த வீட்டு மீட்டருக்குப் போனார்.